காவலரே வளர்க்கும் கனல்

மகளிர் கல்லூரி ஒன்றின் வரவு இடாப்பைப் பொறுமையோடு புரட்டிப் பார்ப்பவர்க்கு ஒரு செய்தி புலனாகும். மாணவி ஒருத்தி மாதந்தோறும் இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள், வகுப்புக்கு வராதிருப்பாள். அடுத்த மாதத்திலும் ஏறக்குறைய அதே இடைவெளியில் அவள் பெயருக்கு நேரே வெற்றிடம் காணப்படும். காரணம் கேட்டால், “வயிற்றுவலி” என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடும். கேட்டவரும் மேலே கேளார். சொன்னவளும் மேலே சொல்லாள். பெண்ணாய்ப் பிறந்தார்க்கு இது இயல்பே என்ற எண்ணம் இரு திறத்தார் உள்ளத்திலும் வேரூன்றியிருத்தலே இந்த மௌனத்துக்குக் காரணம்.

மாதவிடாய்க் காலத்துச் சிறு நோவு இயல்பானதுதான். ஆயின், படுக்கையைவிட்டு எழவொட்டாமல் வருத்துகின்ற நோவு, குளிகைக்கும் அடங்காத நோவு, ஆண்டுக்காண்டு வளர்ந்துசெல்லும் நோவு இயல்பானதன்று. அத்தகைய நோவுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் நோய்களுள் முதன்மையானது எண்டோமெற்றியோசிஸ் என மேனாட்டு வைத்தியர் பெயரிட்ட நோய். மகப்பேற்று வயதிலுள்ள பெண்களிற் பத்துப் பேரில் ஒருவரை, உலகெங்கணும் சுமார் 19 கோடிப் பேரை, அது பற்றியிருக்கிறதென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இத்துணைப் பெருந்தொகையினரைப் பற்றிய ஒரு நோயின் பெயரைக்கூடக் கற்றோர் பலர் கேள்விப்பட்டதில்லை என்பது வியப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது. அந்நோயின் உள்ளே நிகழும் ஒரு விந்தையான நாடகத்தை வாசகர்க்கு எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அகத்தது புறத்தே

கருப்பையின் உட்சுவரை மெல்லிய படலமொன்று போர்த்திருக்கிறது. சூலகங்கள் சுரக்கும் ஓமோன்களின் ஏவலால் இப்படலம் மாதந்தோறும் தடித்து, கருவொன்றை ஏற்பதற்குத் தன்னை ஆயத்தஞ் செய்துகொள்கிறது. கரு தங்காதவிடத்து அது சிதைந்து குருதியோடு வெளியேறுகிறது. இப்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்குப் புறத்தே, சூலகங்களிலும், இடுப்பறையின் சவ்விலும், குடலின் மீதும், சிறுநீர்ப்பையின் மீதும், மிக அரிதாக நெஞ்சறையிலுங்கூட வேர்கொண்டு வளர்வதே இந்நோய். இடம் மாறினும் அவ்விழையம் தன் பழைய குணத்தை மறப்பதில்லை. ஓமோன்களின் குரலுக்கு அங்கும் செவிசாய்க்கிறது, அங்கும் தடிக்கிறது, அங்கும் குருதி கசிகிறது. ஆனால், கருப்பைக்குள் இருக்கும் வாயில் அங்கே இல்லை. வெளியேற வழியற்ற குருதி அவ்விடத்திலேயே தேங்கிப் புண்ணாகி, தழும்பாகி, ஒன்றோடொன்று ஒட்டக்கூடாத உறுப்புக்களை ஒட்டவைத்துவிடுகிறது.

இவ்விழையம் அங்கே எவ்வாறு சென்றது? இவ்வினாவுக்கு இன்றும் பெரிதும் எடுத்தாளப்படும் விடையைத் தந்தவர் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து அல்பனி நகரிற் பணிபுரிந்த ஜோன் சாம்சன் என்னும் வைத்தியர். சூலகங்களிற் பழங்குருதி நிரம்பிக் கருமை கலந்த கபில நிறத்தோடு விளங்கும் பைகளை 1921ஆம் ஆண்டில் அவர் விரித்து விளக்கினார். நிறத்தால் ஒத்திருப்பதுபற்றிச் ‘சொக்கலேற் கட்டி’ என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்துவிட்டது. பின்னர், 1927ஆம் ஆண்டில் தம் கொள்கையை அவர் வகுத்துரைத்தார். மாதவிடாய்க் குருதி முழுவதும் புறத்தே வருவதில்லை. அதில் ஒரு பகுதி பலோப்பியன் குழாய்களின் வழியே பின்னோக்கி ஓடி வயிற்றறையினுள் வீழ்கிறது. அக்குருதியோடு மிதந்துசெல்லும் படலத் துணுக்குகளே விழுந்த இடத்தில் விதைபோல முளைக்கின்றன என்பது அவர் கருத்து.

எளிமையும் அழகும் வாய்ந்த இக்கொள்கைக்கு ஒரு பெரும் இடையூறு பின்னர் வந்து சேர்ந்தது. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, குழாய்கள் அடைபடாத பெண்களின் வயிற்றறைத் திரவத்தை மாதவிடாய்க் காலத்திற் பரிசோதித்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடத்து அத்திரவத்திற் குருதி காணப்பட்டது. ஆகவே, பின்னோக்கி ஓடுதல் நோயாளிகளுக்கு மட்டும் உரிய விபத்தன்று. ஏறத்தாழ எல்லாப் பெண்களிடத்தும் நிகழும் செயல். விதை எல்லா நிலத்திலும் வீழ்கின்றது. முளைப்பதோ பத்தில் ஒரு நிலத்தில். அங்ஙனமாயின் வேற்றுமை விதையில் மட்டும் இருத்தல் இயலாது. நிலத்தையும், அந்நிலத்தைக் காக்கும் காவலரையும் நாம் நோக்கவேண்டியவராகிறோம்.

உடலின் காவலர்

உடலுக்குக் காவலர் உளர் என்ற உண்மையைக் கண்கூடாகக் கண்டவர் இலியா மெச்னிக்கொவ் என்னும் உருசிய விஞ்ஞானி. 1882ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரிற் தங்கியிருந்தபோது, ஒளி ஊடுருவும் உடல்கொண்ட நட்சத்திரமீன் குடம்பியினுள் அவர் சிறு முட்களைக் குத்திவைத்தார். மறுநாட் காலையில் நுணுக்குக்காட்டியினூடே பார்த்தபோது, அசையுங் கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்துநின்றன. அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் கலங்கள் உண்டென்ற அவருடைய கொள்கை அங்கே பிறந்தது. 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் போல் ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அத்தின்னுங் கலங்களுட் பெரியனவற்றை மக்ரோபேஜ் என்பர். நாம் பெருந்தின்கலம் என்போம். இவை வெறும் வாயில்காப்போர் அல்ல. கிருமிகளை விழுங்குகின்றன, இறந்த கலங்களையும் சிதைந்த குருதியையும் துப்புரவு செய்கின்றன, புண்பட்ட இடத்திற்குப் புதுக் குருதிக்கலன்களை வரவழைத்து, நாரிழையத்தை நெய்யச் செய்து, புண்ணை ஆற்றுகின்றன. கொல்லுந் தொழிலும் குணப்படுத்துந் தொழிலும் ஒரே கையில் அமைந்திருக்கின்றன. எப்போது எதனைச் செய்வது என்பதைச் சூழ்நிலை தரும் இரசாயனக் குறிப்புக்களே அவற்றுக்கு உணர்த்துகின்றன. இவ்வுண்மையை வாசகர் நினைவில் இருத்துவாராக. நோயின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

காவலர் செயற்படும்போது எழும் கிளர்ச்சியே அழற்சி. சிவப்பு, வீக்கம், வெப்பம், நோவு என்ற நான்கும் அதன் அடையாளங்கள் என முதலாம் நூற்றாண்டிலேயே உரோமரான செல்சஸ் எழுதிவைத்தார். தமிழில் இச்சொல் அழல் என்பதன் அடியாக எழுந்தது; பொருத்தமான பெயர். அளவோடு மூட்டிய தீ அடுப்பில் நின்று உணவாக்கும். வேலை முடிந்ததும் அவிந்துவிடும். அவியாத தீ வீட்டையே பற்றும். எண்டோமெற்றியோசிஸ் நோயாளியின் இடுப்பறையில் நிகழ்வது அவியாத தீயின் கதை.

காவல் தளர்ந்தவாறு

இக்கதையின் முதற் குறிப்பு 1981ஆம் ஆண்டிற் கிடைத்தது. இயற்கையாகவே இந்நோய் உண்டான ரீசஸ் குரங்குகளில், தம்முடைய கருப்பைப் படல இழையத்தின்மீது கலங்கள் காட்டும் எதிர்ப்பு குன்றியிருத்தலை அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். பத்தாண்டுகளின் பின், 1991ஆம் ஆண்டில், பெல்ஜிய நாட்டின் லூவன் பல்கலைக்கழகத்தார் பெண்களிடத்து இதனை ஆராய்ந்தனர். குருதியில் இயற்கைக் கொல்லிகள் என வழங்கும் கலங்கள் உள. ஒழுங்கு தவறிய கலங்களை இனங்கண்டு, முன்னறிவிப்பு எதுவுமின்றி அழிப்பது அவற்றின் பணி. நோயுற்ற பெண்களின் இயற்கைக் கொல்லிகள், இடம் மாறிய படலக் கலங்களை அழிப்பதில் ஆற்றல் குறைந்திருந்தன. கலங்களின் தொகையில் அன்று, அவற்றின் ஊக்கத்திலேயே குறை காணப்பட்டது. வயிற்றறைத் திரவத்தில் மிதக்கும் சில தூதுப்பொருள்கள் இக்கொல்லிகளின் கையைக் கட்டிவிடுகின்றன எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இத்தளர்ச்சி நோய்க்கு முற்பட்டதா, நோயினால் விளைந்ததா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

பெருந்தின்கலங்களின் செய்தி இதனினும் விந்தையானது. நோயாளிகளின் வயிற்றறைத் திரவத்தில் அவை குறைவாக இருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். உண்மையில் அவை மிகுதியாகக் காணப்படுகின்றன. கிளர்ச்சியுற்ற நிலையிலும் இருக்கின்றன. காவலர் திரண்டு வந்திருக்கவும் கள்வன் கொழுத்து வளர்கிறான்! இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

விடையின் ஒரு பகுதியை 2009ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர் தந்தனர். நோயிடத்தில் உள்ள பெருந்தின்கலங்கள் கொல்லுந் தொழிலைக் கைவிட்டு, புண்ணாற்றுந் தொழிலை மேற்கொண்டிருத்தலை அவர்கள் கண்டனர். எலிகளில் இந்நோயை உண்டாக்கி, பின்னர் அவற்றின் பெருந்தின்கலங்களை நீக்கியபோது, நோயிழையம் செவ்வனே வளரவில்லை. அதற்கு வேண்டிய குருதிக்கலன்களும் உருவாகவில்லை. காவலரின் துணையின்றி அந்நோய் வளரமாட்டாது என்பது இதனால் விளங்குகிறது.

பெருந்தின்கலங்களைத் துரோகிகள் எனப் பழித்தல் பொருந்தாது. மாதந்தோறும் கசிந்து சிதையும் அந்த இழையம் அவற்றுக்கு ஓர் ஆறாப் புண்ணாகவே தோற்றுகிறது. புண்ணைக் கண்டால் ஆற்றுவது அவற்றின் அறம். ஆகவே குருதிக்கலன்களை வரவழைக்கின்றன. வளர்ச்சிப் பொருள்களைச் சொரிகின்றன. நாரிழையத்தைப் பின்னச் செய்கின்றன. அடுத்த மாதம் அப்புண் மீண்டும் திறக்கிறது. அவையும் மீண்டும் ஆற்ற முற்படுகின்றன. ஆற்றுதலே வளர்த்தலாக முடிகிறது. தேங்கிய குருதி சிதையும்போது வெளிப்படும் இரும்பும் அயலிழையங்களைத் தாக்கி, தீயில் நெய்யூற்றியவாறாகிறது.

சுழலும் சக்கரம்

இத்தீ அவியாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அழற்சியுற்ற இடத்திற் புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருள் மிகுதியாகச் சுரக்கிறது. நோவுக்கு அது முதற்காரணம். நோயிழையத்தில் அது வேறொரு வேலையும் செய்கிறது. இயல்பான கருப்பைப் படலத்தில் ஏறத்தாழக் காணப்படாத அரோமற்றேஸ் என்னும் நொதியத்தை அது தூண்டிவிடுகிறது. அந்நொதியம் ஈஸ்திரோஜன் என்ற பெண்மை ஓமோனை அவ்விடத்திலேயே ஆக்குகிறது. அந்த ஈஸ்திரோஜனோ மேலும் புரொஸ்ரகிளாண்டினைச் சுரக்கச் செய்கிறது. ஒன்று மற்றொன்றை ஊக்க, மற்றொன்று முதலாவதை ஊக்க, சக்கரம் ஓயாது சுழல்கிறது. 1990களில் அமெரிக்காவிற் சேர்டர் புலுன் முதலிய ஆய்வாளர் இச்சக்கரத்தை வெளிப்படுத்தினர். ஈஸ்திரோஜனை அடக்கவல்ல புரொஜெஸ்தரோன் என்ற மற்றை ஓமோனின் கட்டளைக்கு நோயிழையம் சரிவரப் பணிவதில்லை என்பதும் அறியப்பட்டது. ஓமோன் நோய் என்றும் அழற்சி நோய் என்றும் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டோர், ஒரே சக்கரத்தின் இரு பாதிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர்.

இனி, நோவைப் பற்றிச் சிறிது கூறுவோம். நோயிழையத்தினுள் புது நரம்பிழைகள் வளர்ந்து புகுகின்றன. அவற்றை அழைப்பவருள்ளும் பெருந்தின்கலங்கள் உள. அவை சுரக்கும் வளர்ச்சிப் பொருள் ஒன்று நரம்புகளை வளரச் செய்வதோடு, சிறு தூண்டலுக்கும் பெரிதாக அலறும்படி அவற்றைக் கூருணர்வு உடையனவாக்குகிறது என 2019ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ ஆய்வாளர் காட்டினர். அப்பொருளின் செயலைத் தடுத்தபோது எலிகளின் நோவுக் குறிகள் தணிந்தன. நெடுநாள் நீடித்த நோவு முண்ணாணையும் மூளையையும் பழக்கிவிட, நோயிடத்தைக் களைந்த பின்னும் நோவு எஞ்சுதல் உண்டு. 2023ஆம் ஆண்டில் வெளியான பரம்பரையலகு ஆய்வொன்று, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய 42 இடங்களை இனங்கண்டது. அவற்றுட் சில, ஒற்றைத் தலைவலி, முதுகுநோவு முதலிய நாட்பட்ட நோவுகளுக்கும் பொதுவானவை.

நோயிழையத்தின் பரப்புக்கும் நோவின் கடுமைக்கும் நேரான தொடர்பு இல்லை என்பதை வைத்தியர் நெடுங்காலமாகவே கண்டுவந்தனர். சிறு புள்ளியளவு நோயுடையாள் துடிப்பாள். பெருங்கட்டி உடையாள் நோவறியாது நடமாடுவாள். இதனாலேயே, “இவ்வளவு சிறிய நோய்க்கா இவ்வளவு அழுகை?” என்று ஐயுற்றோரும் உண்டு. நோவின் அளவைத் தீர்மானிப்பதில் அழற்சிக்கும் நரம்புக்கும் பங்குண்டு என அறிந்த பின் அந்த ஐயத்துக்கு இடமில்லை. அவள் நோவு கற்பனையன்று; கலங்களும் நரம்புகளும் சேர்ந்து எழுதிய மெய்.

எதிர்பாராத தோல்வியும் புதிய தடயமும்

அழற்சியே காரணமாயின் அழற்சியை அடக்கும் மருந்தால் நோய் தீருமே எனச் சிலர் கருதலாம். விஞ்ஞானிகளும் அவ்வாறே கருதினர். அழற்சித் தூதுப்பொருள்களுள் ஒன்றைத் தடுத்து, மூட்டுவாத நோயாளிகளுக்குப் பெரும்பயன் தந்த இன்பிளிக்சிமாப் என்னும் மருந்து, ஆழ்ந்த எண்டோமெற்றியோசிஸ் உடைய பெண்களிற் பரீட்சிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. வெற்று மருந்தைக் காட்டிலும் அது நோவைக் குறைக்கவில்லை. பல வாயில்களால் மூளும் தீயை ஒரு வாயிலை அடைத்து அவிக்க இயலாதென்ற பாடத்தை அத்தோல்வி கற்பித்தது.

தீயை முதலில் மூட்டியது யாது என்ற வினாவுக்கும் புதிய தடயங்கள் கிடைத்துள்ளன. யப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பியூசோபற்றீரியம் என்ற பற்றீரியா நோயுற்றோருள் நூற்றுக்கு 64 பேரின் கருப்பைப் படலத்திற் காணப்பட்டது; நோயற்றோரில் அது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. அதன் வரவால் பெருந்தின்கலங்கள் கிளர்ந்து, அயற்கலங்களை மாற்றும் தூதுப்பொருளைச் சுரந்தன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தினால் எலிகளில் நோயிழையம் குறைந்தது. இது சிறு தொகையினரிடத்துச் செய்யப்பட்ட ஆய்வு. பெண்களிடத்து மெய்ப்பிக்கப்படும்வரை இதனை மருந்தாகக் கொள்ளலாகாது. எவரும் தாமாகவே அம்மருந்தை வாங்கி அருந்துதல் கேடு பயக்கும்.

அறிந்ததனால் ஆய பயன்

நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயின் துயரைத் தணிக்கும் வழிகள் பல உள. புரொஸ்ரகிளாண்டின் ஆக்கத்தைத் தடுக்கும் நோவுக் குளிகைகள் முதற்படி. அஸ்பிரின் இவ்வழியாலேயே செயற்படுகிறதென 1971ஆம் ஆண்டிற் காட்டிய ஜோன் வேன் 1982ஆம் ஆண்டில் நோபல் பரிசின் பங்காளியானார். மாதச் சுழற்சியை ஓயச் செய்து, சக்கரத்தின் மறுபாதியைத் தடுக்கும் ஓமோன் மருந்துகள் அடுத்த படி. நோயிழையத்தையும் ஒட்டுக்களையும் களையும் சத்திரசிகிச்சை பிறிதொரு வழி. அதன் பின்னரும் நோய் மீளக்கூடும். எதனைத் தேர்வது என்பது நோயாளியின் வயதையும் மகப்பேற்று விருப்பத்தையும் பொறுத்து, வைத்தியரும் அவளும் கூடி முடிவு செய்யவேண்டியது.

இத்தனை வழிகள் இருந்தும், முதற் குறி தோன்றியதற்கும் நோய் இன்னதென்று தெளிந்ததற்கும் இடையிற் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. வயிற்றைத் துளைத்துக் குழாய்க்கண்ணாடி செலுத்திப் பார்த்தாலன்றி நோயை உறுதிசெய்ய இயலாது என்ற பழைய நிலை இன்று தளர்ந்துவிட்டது. நோயாளி கூறும் வரலாற்றையும், ஒலியலைப் படம், காந்தப் படம் ஆகியவற்றையும் கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம் என 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி கூறுகிறது. படத்திற் புலப்படாமை நோயின்மைக்குச் சான்றாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வரலாற்றைக் கொண்டு நோயறிவதாயின், அவ்வரலாற்றை அவள் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். செவிகொடுத்துக் கேட்க ஒருவரும் வேண்டும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யத்தக்கது இங்கேதான் இருக்கிறது. வரவு இடாப்பில் மாதந்தோறும் ஒரே இடைவெளியில் விழும் வெற்றிடத்தைச் சோம்பல் என்றோ பாசாங்கு என்றோ கொள்ளற்க. அப்பிள்ளையைத் தனியே அழைத்து, எவ்வளவு நாளாக, எவ்வளவு கடுமையாக, குளிகைக்கு அடங்குகிறதா என்று வினவுக. அடங்காததாயின் தாயிடம் கூறி, வைத்தியரிடம் அனுப்புக. “நாங்களும் இதைப் பொறுத்தவர்கள்தாமே” என்று ஒரு தாய் கூறலாம். அவள் பொறுத்தது உண்மை. அவள் பொறுத்திருந்த காலத்தில் அந்நோவுக்குப் பெயர் சொல்ல அருகில் எவரும் இருக்கவில்லை என்பதும் உண்மை. மகளுக்கு அக்குறை வேண்டியதில்லை.